பதினான்கு அடி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே என்று பார்க்காதே. போனில் நான் ‘கார்னிவல்’ என்று ஆரம்பித்தாலே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

விஷயம் இதுதான். பதினோரு வருடமாக நின்றுபோயிருந்த நம் ஊர்க் கார்னிவலை மறுபடியும் நடத்தப் போகிறார்கள். ஜூன் இரண்டாவது ஞாயிறு. ஊர்வலம் பழையபடியே பள்ளிக்கூடத்தில் கிளம்பி, கடைத்தெரு வழியாக வந்து, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, மைதானத்தில் முடியும். குழுவுக்குத் தலைவர் மருந்துக்கடைக்காரர். செயலாளர் நான். எப்படிச் செயலாளர் ஆனேன் என்று கேட்காதே. கூட்டத்துக்குப் போனேன், கையில் பேனா இருந்தது, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தலைவர் எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம்” என்கிறார். வண்டிக்கு என்ன செய்வது? “பாத்துக்கலாம்.” மழை வந்தால்? “பாத்துக்கலாம்.” போன வாரம் ஒருவர் கடைக்கு வந்து வயிற்று வலிக்கு மருந்து கேட்டபோதும் அதையே சொன்னாராம். பேண்டு மாஸ்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் தன் பெரிய டிரம் எப்படிக் கிழிந்தது என்று முதலிலிருந்து சொல்கிறார். அது கிழிந்ததைப் பார்க்காதவர் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை.

ஊர்வலத்துக்கு முன்னால் போகிற அலங்கார வண்டியை, நம் முன் வண்டியைக் கட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். வந்து கட்டிக் கொடு.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். இதுவரை வருடத்துக்கு ஒரு தடவை அம்மாவை ரயிலேற்றி உன்னிடம் அனுப்பினேன். நவம்பரில் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நீண்ட பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கும் உன் மனைவிதான் வந்தாள். இனி நீ வந்தால்தான் அம்மா உன்னைப் பார்க்க முடியும். வராவிட்டால் பார்க்க முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

அத்தான் உன்னை விசாரித்தார். பதில் போடு.

உன் அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி குறைந்ததா? இரண்டு மாத்திரையில் ஒன்றை அவள் ஒளித்து வைப்பாள், கவனித்துக்கொள்.

கார்னிவலுக்கு நான் வரவில்லை.

நீ என்னவோ எனக்கு விருது கொடுக்கக் கூப்பிடுவது போல எழுதியிருக்கிறாய். அன்று பாலத்தைப் பதினைந்து அடி என்று அளந்தவன் நான். பாலம் பதினான்கு அடி. நான் கட்டிய ஒட்டகச்சிவிங்கி பொம்மை, லாரியோடு சேர்த்துப் பதினாலரை. அரை அடி இடம் விட்டிருக்கிறேன் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு வேறு போனேன். கழுத்துக்குள் வைத்த இரும்புக் குழாய் வளைந்து பாலத்தில் மாட்டிக்கொண்டது. தலை மட்டும் தனியாகக் கழன்று டிரம்மின் மேல் விழுந்தது. இரண்டு மணி நேரம் ரயில் நின்றது. மறுநாள் பேப்பரில் படம். அன்றிலிருந்து எனக்குப் பெயர் சிவிங்கி. அந்தப் பெயரோடு நாலு மாதம் இருந்து பார்த்தேன். முடியவில்லை, கிளம்பிவிட்டேன்.

என் பெண்ணை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நான் நடந்தால் யாராவது ஒருவர் கூப்பிடாமல் விடுவாரா? “அப்பா, சிவிங்கின்னா யாருப்பா?” என்று அவள் கேட்பாள். பதில் நீ சொல்வாயா?

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. யோசிக்கிறேன். கார்னிவலைத் தவிர வேறு எதையாவது சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தத் தடவை பாலத்தை யார் அளக்கப் போகிறார்கள்?

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. மாத்திரையைத் தலையணை உறைக்குள் போட்டிருந்தாள். பதினேழு இருந்தன. நான் திட்டியதற்கு, “உனக்கு மருந்துக்கடைக்காரரோட சகவாசம் அதிகமாயிடுச்சு” என்கிறாள்.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். கூட்டம் மருந்துக்கடை மாடியில் நடக்கிறது. இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஏழு நாற்காலி, ஒரு மின்விசிறி. மின்விசிறி யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதில் முக்கால் மணி நேரம் போகிறது. மீதிக் கால் மணி நேரம் பேண்டு மாஸ்டருக்கு. அவருக்குப் பொத்தானெல்லாம் பித்தளையில் வைத்த புதுச் சீருடை வேண்டுமாம். ஆளுக்குப் பதினான்கு பொத்தான், இருபத்திரண்டு ஆள். எல்லாம் என் தையல் மெஷினில்தான். முதல் நாள் அளவெடுத்தபோது மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் மறுநாள் மூச்சை விட்டபடி வந்து ‘பிடிக்கிறது’ என்கிறார்கள்.

முன் வண்டியில் என்ன வைப்பது என்று யாருக்கும் ஒரு யோசனையும் இல்லை. ஒருவர் கப்பல் என்றார். இந்த ஊரில் குளம்கூடக் கிடையாது. தலைவர் பெரிய மாத்திரை ஒன்று செய்யலாம் என்றார். உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவரும் சிரிக்கவில்லை. பேண்டு மாஸ்டர் மட்டும் இருமினார்.

லீவு கேட்டாயா? மே கடைசியில் வந்தாலும் போதும்.

உன் அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். இங்கே குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை.

நீ பொத்தான் கணக்கு எழுதியிருக்கிறாய், மின்விசிறிக் கதை எழுதியிருக்கிறாய், நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் எழுதவில்லை. பாலத்தை யார் அளக்கப் போகிறார்கள்? கிண்டலுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் ஒருவன் என்னைப் போல மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இன்னும் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது அக்கா. அன்றைக்கு நான் அவசரப்படவில்லை. என் இரும்பு டேப் சுருள் அறுந்து போயிருந்ததால் உன் கடையில் தொங்கிய துணி டேப்பைக் கேட்டு வாங்கிப் போனேன். ஏணி போட்டு ஏறி, சுவரில் கோடு போட்டு, மூன்று தடவை வைத்து அளந்தேன். மூன்று தடவையும் முழு டேப், அறுபது அங்குலம். அறுபது, அறுபது, அறுபது. பதினைந்து அடி. என் கண்ணாலேயே பார்த்தேன்.

வண்டி மாட்டிக்கொண்ட அன்று மாலையே, கூட்டமெல்லாம் போன பிறகு, அதே டேப்பை உன் கடை ஆணியிலிருந்து எடுத்துப் போய் மறுபடி அளந்தேன். அறுபது, அறுபது, நாற்பத்தெட்டு. பதினான்கு அடி. அதே டேப், அதே பாலம், அதே ஆள். ஒரு மாதத்துக்குள் பாலம் இறங்கிவிடுமா? அப்படியானால் கோளாறு என்னிடம்தானே இருக்க வேண்டும்? ஊர் சிரித்ததைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். இதை விழுங்க முடியவில்லை.

சரி, விடு. கப்பல் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். உயரமான எதுவும் வேண்டாம். ஆமை கட்டுங்கள். ஆறு அடிக்கு மேல் போகாது. ஆறு பேர் உள்ளே நின்று தூக்கிக்கொண்டு நடக்கலாம். பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன்.

இதை வைத்து, நான் வருகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே.

தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் ஆமையைக் குழுவில் காட்டினேன். முதல் தடவையாக ஏழு பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். ஒருமனதாக நிறைவேறியது. தலைவர்கூட “பாத்துக்கலாம்” என்று சொல்லவில்லை, “நல்லாருக்கு” என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. ஊர்வல அனுமதிக்கு நானும் தலைவரும் அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாம் ஜன்னல். நான் போட்டோப் பிரதி எடுக்க வெளியே போன ஐந்து நிமிடத்தில் குமாஸ்தா தலைவரிடம் கேட்டிருக்கிறார்: “ஊர்வலம்னு மட்டும் எழுதியிருக்கீங்க. இறுதியா?”

இவர் என்ன நினைத்தார் தெரியுமா? தேதியெல்லாம் இறுதியாக முடிவாகிவிட்டதா என்று கேட்கிறார் என்று நினைத்திருக்கிறார். “ஆமாங்க, இறுதிதான். இனிமே மாத்தறதா இல்ல” என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அனுமதி வந்தது. இறுதி ஊர்வலம்! ‘சடலத்தைத் தாமதமின்றிக் கொண்டு செல்லவும். வழியில் நிறுத்தக் கூடாது. ஆடல் பாடல் கூடாது. துக்கத்துக்கு உரிய அமைதி காக்கவும்.’ கீழே ஒரு கோடு: இறந்தவர் பெயர் நிரப்பப்படவில்லை, உடனே நிரப்பித் தரவும். இதைப் படித்ததும் பேண்டு மாஸ்டர் ராஜினாமா செய்துவிட்டார். தலைவர் பெயரையே நிரப்பிக் கொடுத்துவிடலாமா என்று எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது.

மூன்று நாள் நடையாய் நடந்து மாற்றி வாங்கினேன். “நல்ல காரியம்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்று குமாஸ்தா என்னையே கேட்கிறார். பேண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

ஆமையை வேறு யாராலும் ஒழுங்காகக் கட்ட முடியாது. வா.

உன் அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை என் மனைவி சத்தமாகப் படித்தாள். ‘சடலம்’ வந்த இடத்தில் சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டு அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். பாலத்தைப் பற்றி இந்தத் தடவையும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆமைதானே, அளக்க அவசியமில்லை என்று விட்டுவிட்டாய் என நினைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை செய்யும் கதவு ஜன்னல் பட்டறையில் போன மாதம் என்னை மேஸ்திரி ஆக்குகிறோம் என்றார்கள். இது மூன்றாவது தடவை. மேஸ்திரி என்றால் வீடு வீடாகப் போய் அளவு எடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாக நான் அங்கே பாலிஷ்தான் போடுகிறேன். பாலிஷ் போடுகிறவன் எதையும் அளக்க வேண்டியதில்லை. உனக்கு நான் தச்சு வேலை என்று எழுதிக்கொண்டிருந்தேன். அது பொய்.

இந்தத் தடவை விஷயம் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. “ஏன் வேணாம்னீங்க?” என்றாள். என்ன சொல்வது? டேப்பை இழுத்தாலே எனக்கு எண் ஆடுகிறது. அறுபது தெரிகிறதா, நாற்பத்தெட்டு தெரிகிறதா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. போன வாரம் பள்ளிப் படிவத்தில் பெண்ணின் உயரம் எழுத வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “நீ அளந்தா நான் குட்டையாயிடுவேனாப்பா?” என்றாள்.

இதற்கு மேல் என்னைக் கூப்பிடாதே அக்கா. வண்டி கட்டும் கை இப்போது என்னிடம் இல்லை. அம்மாவிடம் மட்டும் வேறு ஏதாவது காரணம் சொல்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. சீருடை வேலை என்று எழுதலாம். சீருடை முடிந்து இரண்டு வாரமாகிறது.

உன் கண்ணில் கோளாறு இல்லை. உன் கையிலும் இல்லை. நீ அன்று சரியாகத்தான் அளந்தாய்.

நீ வாங்கிப் போன டேப்பில் முதல் நாலு அங்குலம் கிடையாது. மெஷினில் மாட்டிக் கிழிந்துவிட்டது. கிழிந்ததை வெட்டிவிட்டு, முனையிலிருந்த தகட்டை வெட்டிய இடத்தில் மாட்டிக்கொண்டேன். பார்த்தால் முழு டேப் போலவே இருக்கும். எனக்குப் பழக்கம், மனசுக்குள் நாலைக் கழித்துக்கொள்வேன். நீ அறுபதைப் பார்த்தாயே தவிர, ஒன்றைப் பார்த்திருக்க மாட்டாய். யார் பார்ப்பார்கள்? மூன்று தடவை வைத்தாய். மூன்று நாலு பன்னிரண்டு. ஒரு அடி போய்விட்டது.

நீ வந்து “டேப் எடுத்துக்கவாக்கா?” என்று கேட்டபோது என் வாய் நிறையக் குண்டூசி. “ம்” என்றேன். ஊசியை எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, மறந்துவிட்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் அதைத் தவறு என்று சொல்லிவிடலாம். வண்டி மாட்டிக்கொண்டதும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றபோது நான் கடைக்கு ஓடினேன். அந்த டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கித் துணி மூட்டைக்குள் போட்டேன். மேஜையிலிருந்த புது டேப்பை அதே ஆணியில் மாட்டினேன். நீ மாலையில் எடுத்துப் போய் அளந்தது புது டேப். நீ அதை எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் என் வாயில் ஊசி இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை.

பயம் தம்பி. தப்பான டேப் வைத்திருக்கும் தையல்காரியிடம் யார் வருவார்கள் என்ற பயம். ஒரு வாரத்தில் ஊர் மறந்துவிடும் என்று நினைத்தேன். அதற்குள் நீ சிவிங்கி ஆகிவிட்டாய். அப்புறம் ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. உன்னைக் கொண்டுவந்து ஒரு வண்டி கட்டவைத்து, ஊரைக் கைதட்ட வைத்துவிட்டால் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். உன் பெண் கேட்டதைப் படித்த பிறகு அந்தக் கணக்கும் ஓடவில்லை.

என்ன திட்ட வேண்டுமோ திட்டு.

அக்கா

மே 30

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் கடிதத்தை மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். கிழிந்த டேப்புக்கு எனக்குக் கோபம் இல்லை. குண்டூசிக்கும் இல்லை. அந்தப் புது டேப்தான் தாங்கவில்லை. நான் பைத்தியக்காரன் மாதிரி பாலத்தடியில் நின்று மறுபடி மறுபடி அளந்தபோது, நீ கடைக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

நான் வரமாட்டேன். ஊரில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம். ஊர் எனக்கு என்ன வேண்டியிருக்கிறது? ஆனால் அம்மாவிடம் சொன்னாயா? அவள் மகனுக்கு அளக்கத் தெரியும் என்று அவளிடம் சொன்னாயா?

அதற்கு மட்டும் பதில் போடு. பொத்தான் கதை வேண்டாம்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

பொத்தான் கதை எழுதவில்லை.

உன் கடிதம் வந்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொல்லப் போனேன். சனிக்கிழமை மூன்று தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவது தடவை, “எனக்கென்ன வயிறா, குடமா?” என்றாள். ஊரிடம் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடந்தது. ஆமைக்குள் முன்னால் நின்ற மூன்று பேருக்கும் பின்னால் நின்ற மூன்று பேருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைத்தெருவில் பாதித் தூரம் அது பக்கவாட்டில்தான் நடந்தது. ஜனங்களுக்கு அதுவே பிடித்திருந்தது. பாலத்துக்கு அடியில் வந்ததும் நான் பேண்டை நிறுத்தச் சொன்னேன். தலைவர் கையிலிருந்த மைக்கைக் கேட்டேன். “செயலாளர் ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்று அவரே அறிவித்தார், நன்றியுரை என்று நினைத்து.

“பதினோரு வருஷம் முன்னாடி இங்க வண்டி மாட்டினது என் தம்பியோட தப்பில்ல. டேப் என்னோடது. அதுல நாலு அங்குலம் இல்ல. தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல. அவன் சரியாத்தான் அளந்தான்.” இவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் பேண்டு மாஸ்டர், “அப்ப என் டிரம்மை கிழிச்சது நீங்களா?” என்றார். அவ்வளவுதான், மொத்தத் தெருவும் சிரித்தது. பாலத்துக்கு அடியில் அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உனக்குத் தெரியும்.

இப்போது எனக்குப் பெயர் நாலங்குலம். திங்கள்கிழமை சட்டை தைக்க வந்த அம்மாள், “அளவு நான் வீட்டுலயே எடுத்துட்டு வந்துட்டேன்” என்று சீட்டை நீட்டினாள். நேற்றும் இன்றும் நான் கடை திறக்கவில்லை. மூன்று நாளே எனக்குத் தாங்கவில்லை. உனக்குப் பதினோரு வருடம். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ மன்னிக்காவிட்டாலும் அது நியாயம்தான்.

தலைவர் ஒலிபெருக்கியை எங்கெல்லாம் கட்டியிருந்தார் என்று நான் பார்க்கவில்லை. ஒன்று நம் வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் இருந்தது. அம்மா நாற்காலி போட்டு அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று காலை அத்தானிடம் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினாள். மத்தியானம் வரை எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை, மடித்து ஒட்டிக் கொடுத்துவிட்டாள். அப்படியே இதோடு வைத்து அனுப்புகிறேன்.

அக்கா

ஜூன் 11

மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் நீ மாத்திரையைப் பற்றி ஆரம்பிப்பாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உன் அக்கா செய்தது தெரிந்தது. உலகத்துக்கே சொல்லிவிட்டு என்னிடம் சொல்லவில்லை. கம்பத்தில் கட்டிய பெட்டி எனக்குச் சொன்னது. அவளை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அவளோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

இனி உன் விஷயம். ஒரு அளவு தப்பினால் ஊரை விட்டா போவான் ஒருத்தன்? இந்தத் தெருவில் ஒழுங்காக அளந்து கட்டின வீடு எத்தனை இருக்கிறது, சொல் பார்ப்போம். நம் வீட்டுச் சமையலறைச் சுவரே கோணல். உன் அப்பா கட்டினார். அவர் எங்கேயாவது போனாரா? அங்கேயே நின்று அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு டீ குடித்தார்.

ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் தாள் கேட்டேன்.

அன்றைக்கு நான் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். அந்தத் தலை டிரம்மின் மேல் விழுந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடக்க முடியவில்லை. அந்த நேரத்தில் நீ திரும்பினாய். நேராக என்னைத்தான் பார்த்தாய். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், ஆனால் நீ பார்த்துவிட்டாய். பெற்றவளே சிரித்தாள் என்றுதான் நீ போய்விட்டாய் என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் உன் வீட்டுக்கு வரும்போது கேட்க நினைப்பேன். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? கேட்காமலே திரும்பி வந்துவிடுவேன். உனக்கு அளவு, அவளுக்கு டேப், எனக்கு இது. மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். என்ன குடும்பம் இது என்று எனக்கே எரிச்சலாக வருகிறது.

நான் சிரித்ததற்காக நீ போனாயா இல்லையா என்று இப்போதாவது சொல். கடிதத்தில் வேண்டாம். நேரில் வந்து சொல். அக்காவை மன்னிக்க வேண்டாம். அது உங்கள் இருவர் பாடு. நான் கேட்பது என் விஷயம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நான் பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைக் கம்பி குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை. இரண்டு விரல் இடிக்கிறது. கதவை அகலப்படுத்த வேண்டும். ஒரு தச்சனைக் கூட்டி வந்தார்கள், அளவு எடுக்க நான் விடவில்லை. என் மகன் வந்து எடுப்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ அளந்த கதவு வழியாகத்தான் நான் போவேன்.

அதுவரை உன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போய் வருகிறேன். பேச்சும் இல்லாமல் கையையும் பிடித்துக்கொண்டு போவது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. சீக்கிரம் வா.

அம்மா